பரங்கிக்காய் சாகுபடி: பூச்சி வரும் நாளறிந்து கொடியைக் காக்கும் முழு வழிகாட்டி

தஞ்சைப் பக்கம் பரங்கிக்காய், கொங்கு நாட்டில் அரசாணிக்காய், கடைப் பலகையில் மஞ்சள் பூசணி அல்லது சர்க்கரைப் பூசணி. பெயர் எதுவானாலும் கொடி ஒன்றுதான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கப்பலில் வந்த பரங்கியரோடு நம் ஊருக்கு வந்ததால் அவர்கள் பெயரே இதற்கு நிலைத்தது. ஆயுத பூஜைக்குத் தெருவில் உடைக்கும் வெண்பூசணி வேறு இனம். ஆனால் இங்கே சொல்லும் பூச்சிகளில் பெரும்பாலானவை அதற்கும் எதிரிகள்தான்.

குப்பைமேட்டில் விதையை வீசினாலே பரங்கி வளரும் என்பார்கள். கொடி வளரும் என்பது உண்மை. காய் கைக்கு வருவதுதான் கடினம். முளைத்த ஒரே வாரத்தில் இலை சல்லடையாகும், பூத்துக் குலுங்கியும் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், முற்றப்போகும் காயை அறுத்தால் உள்ளே புழு நெளியும். மூன்றுக்கும் காரணம் வேறு, வரும் நாளும் வேறு. முளைத்த முதல் 20 நாள், கொடி ஓடும் மாதம், பிஞ்சு பிடித்த முதல் 20 நாள் என மூன்று காவல் காலங்களாகப் பிரித்துக்கொண்டால், வாரம் தவறாமல் மருந்தடிக்கும் தேவை பெருமளவு குறைந்துவிடும்.

பட்டமும் ரகமும்

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு பட்டம், டிசம்பர், ஜனவரியில் இன்னொரு பட்டம். முதல் பட்டத்தின் காய்கள் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொண்டால் பழ ஈயும் காய் அழுகலும் கூடும். தைப் பட்டத்தில் காற்றின் ஈரம் குறைவு என்பதால் பழ ஈத் தொல்லை மட்டுப்படும். ஆனால் வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமல் நோய் வரும். முதன்முறையாகப் பயிரிடுகிறவர்கள் பாசன வசதி இருந்தால் தைப் பட்டத்தில் தொடங்குவது நல்லது. வெள்ளை ஈயை வரப்போரத் தடுப்புப் பயிரால் ஓரளவு மறித்துவிடலாம். அடைமழையில் பழ ஈயை மறிப்பது அதைவிடக் கடினம்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் 7 முதல் 8 கிலோ வரை காய்க்கும். வயது ஏறத்தாழ 175 நாள். கோ 2 ரகத்தின் காய் ஒன்றரை முதல் 2 கிலோ, வயது 135 நாள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் 2 முதல் 3 கிலோ வரை எடையுள்ள, இனிப்புச் சதை கொண்ட ரகம். நான்கு மாதத்தில் முடியும். அதே நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி ஒரு கிலோ அளவிலான சிறிய காய். பழ ஈயைத் தாங்கும் குணத்துக்காகவே பரிந்துரைக்கப்படுவது. போன பருவத்தில் புழுவால் பாதிக் காயை இழந்த நிலத்தில் அதை முயலலாம். வீட்டுக்கும் சில்லறை விற்பனைக்கும் கோ 2 போதும். முழுக் காயாக விலைபோகும், வெட்டிக் கூறு போட வேண்டியதில்லை.

பொங்கல் கூட்டுக்குக் காய் வேண்டுமென்றால் நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். கோ 2 என்றால் ஆகஸ்ட் கடைசியில் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். முற்றிய காய் இருப்புத் தாங்கும் என்பதால், இரண்டு வாரம் முந்தி விதைத்தாலும் நட்டமில்லை.

குழி

மணல் கலந்த வண்டல் மண், கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை. தண்ணீர் தேங்கும் களிமண் என்றால் குழிக்குப் பதிலாக ஓர் அடி உயர மேட்டில் நடுங்கள்.

குழியின் நீள, அகல, ஆழம் மூன்றும் 30 செ.மீ. குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி. இப்படி வைத்தால் ஏக்கருக்கு 1,000 குழி வரும். கோ 1 போலப் படர்ந்தோடும் ரகத்துக்கு இரண்டரை மீட்டர் விடுவது நல்லது. கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அடியில் காற்று நுழையாது, பிஞ்சைத் தேடிப் பார்க்கவும் முடியாது.

ஒரு குழிக்கு:

- நன்கு மட்கிய தொழு உரம் 10 கிலோ
- வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம்
- 6:12:12 (தழை, மணி, சாம்பல் சத்து) கலப்பு உரம் 100 கிராம். தனி உரமாகப் போட்டால் யூரியா 13, சூப்பர் பாஸ்பேட் 75, பொட்டாஷ் 20 கிராம்
- நுண்ணுயிர்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் அளவு, கைப்பிடித் தொழு உரத்தில் கலந்து

ரசாயன உரத்தையும் நுண்ணுயிர் உரத்தையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. முந்தையதைக் குழியின் அடிமண்ணில் கலந்து மூடி, பத்து நாள் கழித்துப் பிந்தையதை மேல்மண்ணில் இடுங்கள். வேப்பம் பிண்ணாக்கைச் செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். பூசணி வண்டின் புழுக்களும் வேர்முடிச்சு நூற்புழுக்களும் மண்ணில்தான் இருக்கின்றன. அவற்றைத் தொடக்கத்திலேயே மட்டுப்படுத்துவது இந்தப் பிண்ணாக்குதான். மட்காத சாணத்தைக் குழியில் இட்டால் முளைக்கும் வேர் சூட்டில் கருகும்.

விதைத்த 30ஆம் நாள் குழிக்கு 22 கிராம் யூரியா மேலுரமாக இடுங்கள். இதற்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் இலை யானைக் காதுபோல் விரியும், ஆண் பூவாகப் பூக்கும், அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி வந்து குவியும்.

விதைப்பு

ஏக்கருக்கு 400 கிராம் விதை. விதையின் அளவைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் முடிந்து நிழலில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் முளை எட்டிப் பார்க்கும். முளை ஒரு செ.மீ. நீளத்தைத் தாண்டுவதற்குள் நட்டுவிட வேண்டும். நீண்ட முளை நடும்போது ஒடியும். நடுமுன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோயைத் தடுக்கும் நன்மைப் பூசணம்) கலந்து அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள்.

குழிக்கு ஐந்து விதை, 2 செ.மீ. ஆழம், ஒன்றுக்கொன்று ஒரு கை அகலம். பதினைந்தாம் நாள் வீரியமான இரண்டை விட்டு மற்றவற்றைக் கலைத்துவிடுங்கள். பிடுங்காமல் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். ஐந்தும் நன்றாக இருக்கிறதே என்று மனம் இளகி விட்டுவைத்தால், இரண்டு கொடிக்கான உணவை ஐந்து கொடி பங்கிட்டு எதுவும் உருப்படியாகக் காய்க்காது.

முதல் காவல்: விதையிலையும் சிவப்பு வண்டும்

சிவப்புப் பூசணி வண்டு 6 முதல் 8 மி.மீ. நீளம், ஆரஞ்சுச் சிவப்பு நிறம், பளபளப்பான முதுகு. கை நீட்டினால் பறந்துவிடும். விதையிலை விரிந்த அன்றே வந்துவிடும். இலையில் வட்டமாக ஒரு கீறல் போட்டு, சாறு வரும் வழியை அறுத்துவிட்டு, அந்த வட்டத்துக்குள் தின்னும். ஓட்டைகள் வட்ட வட்டமாக இருப்பது இதனால்தான். இரண்டு விதையிலை மட்டுமே உள்ள கன்றில் நான்கு வண்டு உட்கார்ந்தால் இரண்டு நாளில் கன்று போய்விடும். ஆறேழு இலை விட்ட கொடியில் அதே நான்கு வண்டு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே காவல் காக்க வேண்டியது முளைத்த முதல் 20 நாள் மட்டும்.

இந்த 20 நாளுக்குச் சிறந்த ஆயுதம் கொசுவலை. இரண்டு மூங்கில் சிம்பை அல்லது பழைய சைக்கிள் டயரை வெட்டிக் குழிமேல் வளைவாக ஊன்றி, வலையைப் போர்த்தி, விளிம்பை மண்ணால் மூடுங்கள். விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் வண்டு நுழையும். போன பருவத்தில் பூசணிக் குடும்பப் பயிர் இருந்த இடத்தில் வலை போடக் கூடாது. மண்ணுக்குள்ளிருந்து வெளிவரும் வண்டு வலைக்குள்ளேயே சிக்கி, வேறெங்கும் போக வழியின்றி உங்கள் கன்றையே தின்று முடிக்கும். முதல் பெண் பூ மொட்டு தெரிந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தேனீ வர முடியாது.

ஏக்கர் கணக்கில் வலை போட முடியாது. அங்கே காலை வேளைதான் துணை. பொழுது விடிந்து வெயில் ஏறும்வரை வண்டு மந்தமாக இருக்கும். அகலமான பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, இலைக்குக் கீழே பிடித்து இலையைத் தட்டினால் வண்டு காலை மடக்கிக்கொண்டு அதற்குள் விழும். பத்து மணிக்கு மேல் போனால் எல்லாம் பறந்துவிடும்.

அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பனி ஈரம் காயுமுன் இலைமேல் மெல்லியதாகத் தூவுவது பழைய முறை. வண்டுக்கு அந்த இலை பிடிக்காது. மழை பெய்தாலோ புது இலை விட்டாலோ திரும்பத் தூவ வேண்டும். மாவு பூசியதுபோல் அப்பினால் இலை மூச்சு முட்டும்.

வண்டைவிடப் பெரிய கேடு அதன் புழு. பெண் வண்டு தண்டின் அடியில் ஈரமண்ணில் முட்டையிடும். அழுக்கு வெள்ளை நிறப் புழு வேரையும் மண்ணுக்குள் இருக்கும் தண்டையும் குடையும், பிற்பாடு மண்ணைத் தொட்டுக் கிடக்கும் காயின் அடியையும் துளைக்கும். ஆகவே தண்டடி எப்போதும் சேறாக இருக்கக் கூடாது. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்ட வாய்க்கால் எடுத்து அதில் தண்ணீர் விடுங்கள். சொட்டுநீர் என்றால் கன்று வேரூன்றிய பின் சொட்டுவானைத் தள்ளி வையுங்கள்.

கொடி ஓடும் காலம்

பரங்கிக் கொடி கணுவுக்குக் கணு வேர் விடக் கூடியது. கொடி மூன்றடி ஓடியதும் இரண்டு மூன்று கணுக்களின்மேல் ஈரமண்ணை அள்ளிப் போட்டு அமுக்கிவிடுங்கள். பத்து நாளில் அங்கே வேர் பிடிக்கும். பிறகு அடித்தண்டைப் புழு குடைந்தாலும் கொடி சாகாது. காசு செலவில்லாத இந்த வேலையைப் பலர் செய்வதில்லை என்பது வருத்தம். களை எடுக்கும்போது கொடியைத் தூக்கித் திருப்பிப் போடுவது இதற்கு நேர் எதிரான காரியம். பிடித்த வேரெல்லாம் அறுந்துவிடும்.

இந்த மாதத்தில் வருபவை சாறு உறிஞ்சும் பூச்சிகள். வெள்ளை ஈ மஞ்சள் தேமல் நோயைக் கொண்டுவரும். அசுவினி வேறு தேமல் வைரஸ்களைப் பரப்பும். இவை உறிஞ்சும் சாற்றைவிட ஏற்றும் நோய்தான் கொடியைக் கொல்கிறது. ஏறிய வைரசுக்கு எந்த மருந்தும் கிடையாது. நரம்பு மஞ்சளாகி, இலை சுருண்டு, நுனி குறுகிய கொடியைப் பூக்கும் முன்பு கண்டால் தயங்காமல் வேரோடு பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். ஒரு கொடிக்கு இரக்கப்பட்டால் பத்துக் கொடி போகும்.

தடுப்பு இப்படி:

- பரங்கி விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக விதையுங்கள். பறந்து வரும் அசுவினியும் வெள்ளை ஈயும் முதலில் அதில் இறங்கும். பழ ஈக்கும் இதே வேலி பிறகு உதவும்.
- மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு பத்துப் பன்னிரண்டு, கொடியின் மட்டத்துக்குச் சற்று மேலே. இது பூச்சி வந்துவிட்டதா என்று காட்டும் கண்ணாடி. இதை மட்டும் நம்பிப் பூச்சியை ஒழிக்க முடியாது.
- இலையடியில் அசுவினி கூட்டமாகத் தெரிந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மாலை நான்கு மணிக்கு மேல், இலையின் அடிப்புறம் நனையும்படி.

வேப்பங்கொட்டைக் கரைசல் இதைவிட நல்லது, இலை தின்னும் புழுக்களையும் மட்டுப்படுத்தும். மூன்று மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்குள் ஆன பருப்பு அரை கிலோவை இடித்துத் துணியில் முடிந்து, 3 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் முடிப்பைப் பிசைந்து பிழிந்தால் பால்போல் வரும். வடிகட்டி, 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 10 லிட்டராக்கி அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். பூசணம் பிடித்த பழைய கொட்டையில் சத்து இருக்காது. பலருக்கு இது வேலை செய்யாமல் போவது அதனால்தான்.

பரங்கி இலை சுணை உள்ளது, மென்மையானது. எந்தக் கரைசலையும் முதலில் ஒரே கொடியில் இரண்டு இலைக்குத் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முழுதும் தெளிக்க வேண்டும். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் பூசணிக் குடும்பத்துக்கு ஆகாது, இலை கருகிவிடும்.

இலைகளில் நரம்பு பிரியும் இடத்தில் வெள்ளி நிறத் திட்டு இருந்தால் பயப்பட வேண்டாம். பல ரகங்களுக்கு அது பிறவிக் குறி. விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் ஒட்டினால்தான் சாம்பல் நோய்.

புள்ளிவண்டையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் முதுகு கண்ணாடிபோல் மின்னும். இலையின் பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும் புள்ளிவண்டின் முதுகு மங்கலாக, மெல்லிய மயிர் போர்த்தியதுபோல் இருக்கும். முன்னதை விட்டுவிடுங்கள், பின்னதை நசுக்குங்கள்.

பூ உதிர்வது பூச்சியாலா?

பெரும்பாலும் இல்லை. முதலில் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூ மட்டுமே பூக்கும். அது உதிர்வது இயல்பு. நீண்ட மெல்லிய காம்பு உள்ளது ஆண் பூ. பூவுக்கு அடியிலேயே குட்டிக் காய் இருப்பது பெண் பூ. மார்கழிக் கோலத்தில் சாண உருண்டைமேல் வைக்கப் பறிப்பதாக இருந்தால் ஆண் பூவாகப் பார்த்துப் பறியுங்கள், எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டாம்.

பூ விடியுமுன் விரிந்து முற்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும். இதைப் பழ ஈ என்று நினைத்து மருந்தடித்தால், வரவேண்டிய தேனீயும் வராமல் போகும். உதிர்ந்த பிஞ்சை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். புழு இல்லை, துளை இல்லை என்றால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள்.

கையால் சேர்ப்பது எளிது. காலை ஆறு முதல் எட்டரைக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லா மடல்களிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும். ஒரு பெண் பூவுக்கு ஓர் ஆண் பூ என்று கணக்கு வைத்தால் குறை வராது.

இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் போன்ற ஊடுருவும் மருந்துகளை விதைப்பின்போது மண்ணில் இட்டாலும், பிறகு பூக்கும் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் அவை வந்து சேர்வது பூசணி வகைகளில் அளந்து கண்டறியப்பட்டிருக்கிறது. தேனீயை நம்பிக் காய்க்கும் பயிருக்கு இவற்றை இடுவது வாசலை நாமே அடைப்பதுபோல். வேறெந்தக் கரைசலையும்கூடப் பூக்காலத்தில் பொழுது சாய்ந்த பின்பே தெளியுங்கள்.

பழ ஈ: கடைசிக் காவல்

பரங்கியைப் பயிரிடுகிறவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். வீட்டு ஈ அளவு, செம்பழுப்பு உடல், இறக்கையில் பழுப்புத் திட்டு. பெண் ஈ பின்முனை ஊசியால் பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். குத்திய இடத்தில் பிசின் துளிர்த்துக் காய்ந்து பழுப்புப் புள்ளியாக நிற்கும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைக் குடையும். வெப்பமான நாள்களில் ஒரு வாரத்திலேயே முழு வளர்ச்சி பெற்று, காயைவிட்டு வெளியே குதித்து, மேல்மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். மறுபடி ஈயாகி வருகிறது. ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

புழு காய்க்குள்ளே, கூட்டுப்புழு மண்ணுக்குள்ளே. மேலே தெளிக்கும் மருந்து இரண்டையும் தொடாது. ஈயும் முட்டையிட மட்டுமே கொடிக்கு வரும், மற்ற நேரமெல்லாம் வரப்போரச் செடிகளில் தங்கும். காய்மேல் மருந்தடிப்பது பலன் தராததற்குக் காரணம் இதுதான். கீழே உள்ள நான்கும் சேர்ந்தே வேலை செய்யும்.

*பொறுக்குவது.* நான்கிலும் முதன்மையானது இது. மூன்று நாளுக்கு ஒருமுறை வயலைச் சுற்றி, உதிர்ந்த, வளைந்த, பிசின் வடிந்த பிஞ்சுகளை எல்லாம் பொறுக்குங்கள். வரப்பில் எறிவதும் எருக்குழியில் போடுவதும் ஈப் பண்ணை வைப்பதற்குச் சமம். கெட்டியான கறுப்புப் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் கிடத்துங்கள். அல்லது இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். ஒரு பிஞ்சிலிருந்து எத்தனையோ ஈ வரும். அதை ஒரு நிமிட வேலையில் தடுத்துவிடலாம்.

*உறை போடுவது.* வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட உறுதியான வழி இல்லை. மகரந்தம் சேர்த்த அன்று மாலையே, பூ வாடியதும், பிஞ்சை மெல்லிய துணிப்பையிலோ நெருங்கிய வலைப்பையிலோ இட்டுக் காம்பருகே தளர்வாகக் கட்டுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்றால் தாமதம். பூவின் சூலகத்திலேயே இந்த ஈ முட்டையிடும். காய் பெருக்கப் பெருக்கப் பையை மாற்றி, தோல் தடித்து நகம் எளிதில் இறங்காத நிலை வரும்வரை, ஏறத்தாழ மூன்று வாரம், உறையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும்.

*கவர்ச்சிப் பொறி.* இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மருந்துக் கடையில் பழ ஈப் பொறி என்று மட்டும் கேட்டால் மாம்பழ ஈக்கான மெத்தில் யூஜினால் கவர்ச்சியைக் கொடுத்துவிடுவார்கள். பூசணிக் குடும்பத்தைத் தாக்கும் ஈ அதற்கு வராது. கியூ லூர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஏக்கருக்கு பத்துப் பொறி, நான்கு ஐந்தடி உயரத்தில், நேர் வெயில் படாத இடத்தில், பூக்கத் தொடங்குமுன்பே. பொறிக்குள் இருக்கும், கவர்ச்சி ஊறிய கட்டையை 45 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். பொறி நிறைய ஈ இருந்தும் காயில் புழு வருவது, வெளியே இணைசேர்ந்துவிட்ட பெண் ஈ வயலுக்குள் வருவதால். பக்கத்து வயல்காரரும் பொறி வைத்தால்தான் முழுப் பலன்.

*விஷ உணவு.* முட்டையிடுமுன் பெண் ஈ புரதமும் இனிப்பும் தேடும். பகலில் மக்காச்சோள வேலியின் இலையடியில் ஒதுங்கும். ஹவாய்த் தீவுகளில் இதைப் பயன்படுத்தி, காய்ப் பயிரைத் தொடாமல், ஓரப்பயிரில் மட்டும் ஸ்பினோசாட் என்னும் பூச்சிமருந்து கலந்த புரத உணவைத் துளித்துளியாகத் தெளிக்கிறார்கள். நம் வேளாண் பரிந்துரைகளில் பீர்க்கைக் கொடியைப் பொறிப் பயிராக வைக்கும் வழியும் உண்டு. ஈ அதன் இலையடியில் கூடும். கருவாட்டுத் தூளோடு டைக்குளோர்வாஸ் வைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் கைமாறுகின்றன. அந்த மருந்துக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. மருந்து வேண்டாதவர்கள் வாய் சிறுத்த பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர், 50 கிராம் வெல்லம், கனிந்த வாழைப்பழம் ஒன்று, சில துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை மாற்றலாம். ஓரளவுக்குப் பிடிக்கும், இது துணைப்படைதான்.

இவற்றோடு, கொடிக்கடியில் மேல்மண்ணை வாரம் ஒருமுறை களைக்கொட்டால் இரண்டு அங்குலம் மட்டும் கிளறிவிடுங்கள். கூட்டுப்புழு வெயிலுக்கும் எறும்புக்கும் கோழிக்கும் வெளிப்படும். மண்மூடிய கணுக்களை மட்டும் தொட வேண்டாம்.

வயல்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானின் ஒகினாவா சான்று. இதே ஈயை, மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் விட்டு, தீவு தீவாகச் சுத்தம் செய்து, 1993இல் முற்றிலும் ஒழித்தார்கள். ஒரு தெருவில் பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து விழுந்த பிஞ்சைப் பொறுக்கினாலே அடுத்த மாதம் வித்தியாசம் தெரியும்.

சாம்பல் நோய்

பனிக்காலத்தில் முதிர்ந்த இலையில் மாவுப் படலமாகத் தொடங்கும். அடியிலைகள் நான்கைந்தை நறுக்கி எரித்துக் காற்று நுழைய விடுங்கள். காய்ச்சாத பசும்பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, வாரம் ஒருமுறை, காலை வெயில் படும் நேரத்தில் தெளிப்பது தொடக்க நிலையில் நன்றாகக் கேட்கும். பிரேசிலில் சுக்கினிப் பூசணியில் செய்த சோதனை 1999இல் வெளியான பின் உலகெங்கும் தோட்டக்காரர்கள் கையாளும் முறை இது. காய் முற்றிய பின் வந்தால் விட்டுவிடலாம்.

கொடி திடீரென வாடினால்

உச்சி வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் நோயில்லை, பெரிய இலைக்கு அது இயல்பு. மாலையிலும் தலை தொங்கினால் ஒரு கொடியைத் தோண்டிப் பாருங்கள். வேரில் துளையும் வெள்ளைப் புழுவும் இருந்தால் பூசணி வண்டு. வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அடுத்த பருவம் அங்கே செண்டுமல்லி போடுங்கள், பூசணிக் குடும்பம் வேண்டாம். தண்டைக் குறுக்கே அறுத்தால் உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் வாடல் பூசணம், அந்தக் கொடியை அகற்றுவதே வழி. மூன்றும் இல்லாமல் வேர் கறுத்து நாறினால் தண்ணீர் அதிகம்.

மாடித் தோட்டத்தில்

குறைந்தது 40 லிட்டர் மண் கொள்ளும் பையில் ஒரு கொடி மட்டும். சிறுகாய் ரகம் போதும். பந்தலில் ஏற்றினால் காயைத் துணித் தொட்டிலில் தாங்க வேண்டும். மாடியில் தேனீ வரத்து குறைவாக இருக்கக்கூடும் என்பதால் கையால் மகரந்தம் சேர்ப்பதையும் அன்றே உறை போடுவதையும் தவறாமல் செய்யுங்கள்.

அறுவடையும் அதன் பிறகும்

பெரிய ரகத்தில் கொடிக்கு இரண்டு மூன்று காய் நின்றால் போதும். அதற்கு மேல் பிடிப்பதைப் பிஞ்சிலேயே பறித்துக் கூட்டு வையுங்கள். காய்க்கு அடியில் வைக்கோலைத் திரட்டி வைத்தால் மண் ஈரமும் வண்டின் புழுவும் அண்டாது.

காம்பு பச்சை மாறிக் கட்டையாகி, தோலில் நகம் இறங்காமல், தரையைத் தொட்ட இடம் மஞ்சளானால் முற்றிவிட்டது. பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். காம்பு இரண்டு அங்குலம் நிற்கும்படி கத்தியால் வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்று, அந்தக் குழியிலிருந்து அழுகல் தொடங்கும். பத்து நாள் காற்றோட்டமான நிழலில் தனித்தனியாக ஆறவைத்துப் பிறகு பரண்மேல் அடுக்கினால், அடிபடாத காய் இரண்டு மூன்று மாதம் இருக்கும். அறுத்த காய் கசந்தால் ஒரு துண்டும் சமைக்க வேண்டாம். அந்தக் கசப்பு வயிற்றைக் கெடுக்கும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. அந்தக் காயின் விதையையும் எடுத்து வைக்காதீர்கள்.

கடைசிக் காயைப் பறித்த வாரத்திலேயே காய்ந்த கொடியை வாரி அப்புறப்படுத்தி நிலத்தை உழுதுவிடுங்கள். உழவில் புரளும் மண்ணில் வண்டும் ஈயின் கூட்டுப்புழுவும் மேலே வரும். கொக்கும் மைனாவும் ஏருக்குப் பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொள்ளும். அடுத்த இரண்டு பருவம் அந்த இடத்தில் பயறோ கீரையோ போட்டுவிட்டுப் பிறகு பரங்கிக்குத் திரும்புங்கள்.